லியோவின் வெந்நீர்த் தொட்டி

ஆவூரில் லியோ அந்தத் தொட்டிக்கு வானம் தோண்ட இடம் குறித்தபோது வைகாசி வெயில் கொளுத்தியது. தெருவில் போனவர்கள் ஒவ்வொருவராக நின்று பார்த்தார்கள்.

"என்ன தம்பி, மீன் வளக்கப் போறியா?" என்று கேட்டார் பக்கத்து வீட்டுக் கண்ணுசாமி.

"குளிக்கண்ணே. வெந்நித் தொட்டி. நாலஞ்சு பேரு ஒண்ணா உக்காரலாம்."

"இந்த ஊர்ல கெணத்துத் தண்ணியே கொதிச்சுத்தானப்பா வருது!"

லியோ சுண்ணாம்பால் தரையில் கோடு இழுத்துக்கொண்டிருந்தான். எங்கோ தூர தேசத்தில் கதவு ஒன்று திறந்து மூடிய நேரத்தில் கண்ணில் பட்ட ஓர் இடம். அதன் ஓரத்தைத் தேடித்தான் கோடு போனது.

அவன் வெல்டர். கொஞ்ச காலம் சிங்கப்பூர், பிறகு கொரியா. கடலோர ஊரில் கப்பல் கட்டும் இடம். பாதி கட்டிய கப்பலின் வயிற்றுக்குள் மல்லாந்து படுத்துப் பற்றவைப்பான். பொறிகள் முகமூடிமேல் மகிழம்பூவாகக் கொட்டும். அங்கே பெயர் அவன் சட்டையில் மட்டும் இருந்தது. ஃபோர்மேன் "ஏய்" என்பார். டவுன் பஸ்ஸில் அவன் பக்கத்து சீட் கடைசி ஸ்டாப்வரை காலியாகவே வரும். ஆட்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி போவார்கள். வியர்வை வாடையோ என்று சோப்பை மாற்றினான். சென்ட் அடித்துப் பார்த்தான். சீட் காலியாகவே வந்தது.

ஒரு டிசம்பர் ஞாயிறு. குளிர் எலும்புக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. தெருமுனையில் பொதுக் குளியல் கூடம் இருந்தது. கூட வேலை பார்க்கும் கொரியர்கள் துண்டும் கையுமாகப் போவதைப் பார்த்திருக்கிறான். அவனும் போனான். டிக்கெட் கொடுக்கும் இடத்தில் அவன் அம்மா வயதில் ஒரு பெண். அவள் கோபப்படவில்லை. இரண்டு முன்னங்கைகளையும் பெருக்கல் குறிபோல் குறுக்கே வைத்துக் காட்டினாள். அவன் புரியாமல் பணத்தை நீட்டினான். அவள் தன் கைத்தோலை விரலால் தேய்த்துக் காட்டி, தண்ணீர் இருக்கும் பக்கம் தலையை ஆட்டி, சங்கடத்தோடு சிரித்தாள். அவன் நிறம் தண்ணீரில் இறங்கிவிடும் என்பதுபோல.

அப்போது யாரோ உள்கதவைத் திறந்தார்கள். ஆவி. நீல ஓடுகள். கழுத்துவரை தண்ணீரில் அமர்ந்திருந்த ஒரு கிழவரின் பிடரி. பலபேர் சிரிக்கும் சத்தம். கதவு மூடிக்கொண்டது.

அவன் பார்த்தது அவ்வளவுதான்.

அன்று மாலை ஊரிலிருந்து மனைவி மெர்லின் போனில் கேட்டாள். "இவ்வளவு நேரம் எங்கங்க போயிருந்தீங்க?"

"குளிக்கப் போயிருந்தேன்."

"குளிக்கிறதுக்கு ஒரு ஊர்வலமா?"

"நீ பாக்கணும் மெர்லின். கழுத்து வரைக்கும் தண்ணி. எல்லாரும் ஒண்ணா உக்காந்திருப்போம்."

அதற்குப் பின் ஞாயிறுதோறும் அந்தக் கூடத்தைச் சொன்னான். கண்டெய்னர் அறையில் கம்பளிக்குள் சுருண்டு, கண்ணை மூடிக்கொண்டு சொன்னான். ஒரு வாரம் தண்ணீருக்குள் படிகள் வந்தன. இன்னொரு வாரம் கூரையில் ஒரு திறப்பு வந்தது. அதன் வழியே பனி பெய்து, தண்ணீரைத் தொடுமுன் காணாமல் போனது. பக்கத்தில் இருந்த பெரியவர் அவன் முதுகைத் தேய்த்துவிட்டார். மெர்லின் கேட்டபடியே தூங்கிப்போவாள். அவள் மூச்சுச் சத்தம் சீராகும்வரை அவன் அந்தத் தண்ணீருக்குள் இருப்பான்.

காண்ட்ராக்ட் முடிந்து ஊருக்கு வந்ததும் அதையே கட்டினான். கூரை வைக்கவில்லை. புதுக்கோட்டையில் அலைந்து நீல டைல்ஸ் பிடித்தான். ஒட்ட வந்தவன் பிஜய் என்ற ஒடிசாக்காரன். படிகளின் முனையில் டைல்ஸை வளைத்து அடுக்கியபோது, "அண்ணா, இது சாமிக்கா?" என்று கேட்டான்.

"மனுசனுக்குத்தான்," என்றான் லியோ.

மழை விட்ட ஒரு மார்கழிக் காலையில் தொட்டி நிறைந்தது. லியோ தானே வெல்டிங் செய்த பாய்லரில் தைல மர விறகு எரிந்தது. மெர்லின் தைல இலைகளைக் கிள்ளித் தண்ணீரில் போட்டாள். எது பனி, எது ஆவி என்று தெரியவில்லை. மாமனார் மரியசூசை மூட்டுவலிக்கு நல்லது என்று முதல் ஆளாக இறங்கினார். பெரியப்பா மகன் அருள்தாஸ் இறங்கினான். வேடிக்கை பார்க்க வந்த கண்ணுசாமியும் துண்டைக் கட்டிக்கொண்டு இறங்கினார்.

"மீன் வளக்கிறியான்னு கேட்டேன்ல தம்பி. இப்ப நாந்தான் மீனு."

லியோ கடைசியாக இறங்கினான். பக்கத்தில் ஒரு தோள் உரசியது. அது விலகவில்லை. அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"கொரியாவுல இப்படித்தானாண்ணே?" என்றான் அருள்தாஸ்.

"ம்."

வேலிப் படலைத் திறக்கும் சத்தம் கேட்டது. பிஜய் நின்றிருந்தான். விட்டுப்போன டைல் கட்டரை எடுக்க வந்தேன் என்றான். அவன் பார்வை தண்ணீரில் இருந்தது.

"நீயும் எறங்கு, வா," என்றான் லியோ.

"அவனுமா?" கண்ணுசாமியின் கை தண்ணீரிலிருந்து எழுந்து குறுக்கே நின்றது. "நாம ஏறினப்பறம் குளிச்சுக்கட்டும்ப்பா. எங்கெங்க கெடந்துட்டு வர்ற ஒடம்போ. கொரியாக்காரன் மட்டும் வர்றவன் போறவனையெல்லாம் உள்ள விட்டுருவானா?"

லியோ அந்தக் கையைப் பார்த்தான். 'விடுவான்' என்று சொன்னால் போதும். ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அப்படியே இருக்கும். பாய்லர் பக்கம் மெர்லின் நின்றுகொண்டிருந்தாள்.

"விட மாட்டான்," என்றான். "என்னைய விடல. வாசல்லயே நிறுத்திட்டாங்க. நான் உள்ள போனதே இல்ல."

பாய்லரில் விறகு வெடித்தது.

பிஜய்க்கு எவ்வளவு புரிந்ததோ. குழாயடியில் காலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினான். கைகளைக் கழுவினான். மறுபடியும் காலைக் கழுவினான். லியோ ஏறிப் போய் அவன் தோளைப் பிடித்துக் கூட்டி வந்தான். அவன் இறங்க இறங்கத் தண்ணீர் விளிம்பு தாண்டி, தைல இலைகளோடு மண்ணில் வழிந்தது.

"மாட்டுக்குத் தண்ணி காட்டணும்," என்று கண்ணுசாமி ஏறினார். அருள்தாஸ் லியோவைப் பார்க்காமல் பின்னாலேயே ஏறிப் போனான். மரியசூசை கண் திறக்கவில்லை. முழங்காலை நீட்டிக்கொண்டார்.

மெர்லின் விறகோடு தொட்டி ஓரம் வந்து நின்றாள்.

"முதுகு தேச்சுவிட்டாருன்னீங்களே ஒரு பெரியவரு. அவரு?"

"அவரும் இல்ல."

அவள் ஆவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பாய்லர் பக்கம் திரும்பி, "சூடு பத்துதா?" என்று கேட்டாள்.

லியோ நிமிர்ந்து அவளைப் பார்த்தான். கண்ணை மூடியபடியே மரியசூசைதான் சொன்னார்.

"இன்னும் ரெண்டு கட்டை வையி, தாயி."