தலைமாட்டு வெளிச்சம்

மேட்டுப்பாளையத்தில் காலை ஆறரைக்கு குன்னூர் பஸ் ஏறினேன். டிக்கெட் ஆறு ரூபாய். மடியில் கேமரா பை, அதற்குள் இரண்டு ஃபிளாஷ், ஒரு ஸ்லேவ். பிலிம் காலம் அது. கல்யாணத்துக்கு மலையேறினால் ஜன்னலோரம் பிடித்துப் பாட்டு முணுமுணுப்பவன் நான். அன்று போனது சாவு வீட்டுக்கு. தேயிலை ஃபாக்டரியில் வேலை பார்க்கும் செல்வராஜின் மனைவி சரோஜா முந்தின நாள் இறந்துவிட்டார். மஸ்கட்டில் நர்ஸாக இருக்கும் மகளுக்கு லீவு கிடைக்கவில்லை. அம்மா முகத்தைப் படத்திலாவது பார்க்க வேண்டும் என்று போனில் அழுதாளாம்.

பர்லியாரில் பஸ் பத்து நிமிடம் நின்றது. அங்கே விற்கும் மங்குஸ்தான் பழத்துக்குப் பேரம் பேச அன்று மனம் வரவில்லை.

எட்டேகாலுக்குக் குன்னூர். அங்கிருந்து எஸ்டேட்டுக்கு ஒன்பது கிலோமீட்டர், ஜீப். டிரைவர் சொன்னார்: "அந்தம்மாவோட அண்ணன் கூடலூர்ல இருக்காருங்க. பத்து வருசமாப் பேச்சு இல்லை. வருவாரோ என்னமோ."

தொழிலாளர் குடியிருப்பு வரிசையில் இருந்த அந்த லயன் வீட்டின் முன்னறை பத்தடிக்குப் பத்தடி. மழையில் கரண்ட் போயிருந்தது. கேமரா ஃபிளாஷ் மட்டும் அடித்தால் முகம் சுண்ணாம்பு பூசியது போலாகிவிடும். மேலிருந்து அடித்தால் கண்கள் குழியாகும். மகள் அப்படிப் பார்க்கக் கூடாது. தலைமாட்டில், முகத்துக்குச் சமமான உயரத்தில் இன்னொரு ஃபிளாஷ் எரிய வேண்டும். அதை ஸ்டூலில் வைத்து ஸ்லேவை மாட்டினேன். ஸ்லேவுக்குக் குன்றிமணி அளவில் ஒரு கண். கேமரா ஃபிளாஷைப் பார்த்த நொடியே தன் ஃபிளாஷையும் எரிய வைக்கும், ஒயர் வேண்டாம். நடுவில் ஆள் நின்றால் எரியாது.

பதினொரு மணிக்கு அண்ணன் வந்தார், கையில் கோடிச் சேலை. தங்கைமேல் போர்த்திவிட்டுத் தலைமாட்டில் நின்றுகொண்டார். அது பிறந்த வீட்டின் உரிமை, யாரும் நகரச் சொல்ல மாட்டார்கள். சோதித்துப் பார்த்தேன். அவர் மறைத்ததால் ஸ்டூல் ஃபிளாஷ் எரியவில்லை.

"ஏனுங்கண்ணா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

"பத்து வருசம் தள்ளித்தானுங்க நின்னேன். இன்னைக்கு முடியாது."

எனக்குச் சுருக்கென்றது. விஷயத்தைச் சொன்னேன். அவர் ஸ்டூலிலிருந்த ஃபிளாஷைக் காட்டினார்.

"நானே புடிச்சுக்கட்டுங்களா?"

"புடிக்கலாமுங்க. ஆனா ஃபிளாஷ் படத்துக்கு வெளியே இருக்கோணும், நீங்களும் படத்துல வரமாட்டீங்க."

செல்வராஜ் பதறினார். "பொறந்த ஊட்டு ஆள் இல்லாமப் படமா? புள்ளை கேப்பாளே மச்சான்."

"அவளுக்கு அம்மா மூஞ்சி தெரியோணும் மாப்ளே. அது போதும்."

ஃபிளாஷை வாங்கிக்கொண்டு ஓரமாகக் குந்தினார். முதல் தடவை எரியவில்லை. அவர் கட்டைவிரல் ஸ்லேவின் கண்ணை மூடியிருந்தது. அந்த விரலை விலக்கி, கண்ணைக் கேமரா பக்கம் திருப்பி வைத்தேன். பிறகு மூன்று படம். மூன்று முறையும் அவர் கையிலிருந்த வெளிச்சம் தங்கையின் கன்னத்தில் விழுந்தது. அழக் கூடாது என்பது எங்கள் தொழில் வழக்கம். அன்று என்னால் முடியவில்லை.

அடக்கம் முடிந்து நான்கு மணிக்கு ஜீப் ஏறும்போது அவர் வந்தார்.

"படத்துல என் கை கொஞ்சமாவது தெரியுமாங்க?"

"தெரியாதுங்கண்ணா."

தலையை ஆட்டிவிட்டுத் தேயிலைக்குள் இறங்கிப் போய்விட்டார். கூடலூர் பஸ்ஸுக்கு அது குறுக்குவழி.

மேட்டுப்பாளையத்தில் இறங்கியபோது ஊர் எப்போதும்போல் புழுங்கியது. ஸ்வெட்டரைக் கழற்றக்கூடத் தோன்றாமல் ஸ்டூடியோவைத் திறந்தேன். பிலிமைக் கழுவிப் பிரிண்ட் போட்டபோது படம் நன்றாக வந்திருந்தது. சரோஜா தூங்குவது போலிருந்தார். சுற்றிலும் எல்லோரும் இருந்தார்கள், தலைமாடு மட்டும் காலி. மஸ்கட்டுக்கு அனுப்பும் பிரதியின் பின்னால், யாரையும் கேட்காமல், பேனாவால் எழுதினேன்: "அம்மா முகத்தில் இருக்கும் வெளிச்சம் உன் மாமா பிடித்தது."