தளும்பாத டீ

எண்பதுகளில் ஆம்பூரில் தெருவிளக்கு மாட்டுவது என் வேலை. ஒருநாள் லாரியின் தூக்குக் கூடையில் நான் நிற்கும்போதே அதைத் தூக்கும் ஆயில் ஹோஸ் வெடித்தது. உயிர் தப்பினேன், ஏறும் தைரியம்தான் போய்விட்டது.

பழுதுபார்க்கத் தோல் தொழிற்சாலையில் அதேபோல் ஆயிலால் இயங்கும் பிரஸ் மெஷின்களைப் பார்க்கும் மெக்கானிக் வந்தார். காதில் பென்சில்போல ஒரு தோல் துண்டு செருகியிருந்தார். ஹோஸ்களை மாற்றி, அந்தத் துண்டை இணைப்புகளில் ஒற்றிக் கசிவு பார்த்தார். ஆனாலும் கூடை விக்கி விக்கி ஏறியது.

"உள்ள காத்து ஜாஸ்தி" என்று ஹோஸ் நட்டைத் தளர்த்தி, நுரை போய் வெறும் எண்ணெய் வரும்வரை காத்திருந்தார்.

"இப்ப நம்பி ஏறலாமாண்ணே?"

"இன்னாப்பா பயம்? ஒரு டீ சொல்லு."

விளிம்புவரை நிறைந்த கிளாஸோடு அவரே கூடையில் கம்பத்தின் உச்சிவரை போய்வந்தார். ஒரு சொட்டு சிந்தவில்லை. தெருவே கைதட்டியது.

"குடிச்சிட்டு ஏறு" என்று கிளாஸை என்னிடம் நீட்டினார். ஏறினேன்.

முத்திரை குத்திய சான்றிதழ்கள் எத்தனையோ பார்த்துவிட்டேன். அந்தக் கிளாஸை நம்பியதுபோல் எதையும் நம்பியதில்லை.