தையலுக்குள் விட்ட துணி

அந்த பாப்திஸ்து சபை பிறந்ததே தையல்காரம்மாவின் கடையில்தான். மிஷின்களை ஓரங்கட்டிவிட்டு முதல் ஆராதனை நடத்தினார்கள். பிறகு கோயில் எழும்பியது. தொட்டியில் முழுகி ஞானஸ்நானம் எடுப்பவர்களுக்கெல்லாம் அவர் தைத்த வெள்ளை அங்கிதான். தண்ணீரில் மிதக்காமலிருக்க விளிம்பில் ஈயக் குண்டு வைத்துத் தைப்பார்.

குழாய் வேலை பார்க்கும் அவர் கணவரோ, தொட்டியை நிரப்பிக் கொடுத்துவிட்டு, ஞானஸ்நானப் பேச்சு வருமுன் நைசாக நழுவிவிடுவார். அந்த மனிதர் இன்று வந்து தலையைச் சொறிந்தார்.

"நானும் இறங்கலாம்னு இருக்கேன். எனக்கு ஒரு அங்கி கிடைக்குமா?"

அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. பீரோவின் அடித்தட்டிலிருந்து ஓர் அங்கியை உருவினார். "முதல் ஆராதனை அன்னைக்கே உங்களுக்குத் தச்சது!"

அவர் போட்டுப் பார்த்தார்; தொப்பை தடுத்தது. "பத்தலையே..." என்று அவர் முகம் வாடினார்.

"நீங்க ஆடி அசைஞ்சுதான் வருவீங்கன்னு எனக்குத் தெரியாதா? பிரிச்சுவிட உள்ள நாலு விரல் துணி விட்டுத்தான் தச்சிருக்கேன்!"