சேற்றின் மேல் எழுந்த தாங்கி

மர்சூக் தன் இளமையை எண்ணெய் தேக்கும் இரும்புத் தாங்கிகளுக்குள் செலவழித்தவர். ஏறாவூரில் கூடப் படித்தவர்கள் கடை போட்டும் தறி போட்டும் ஊரோடு இருந்துவிட, அவர் கட்டாருக்குப் போனார். அங்கிருந்து குவைத், பிறகு ஓமான். நாடு மாறினாலும் வேலை மாறவில்லை. ஏதாவதொரு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை விரிவாகும். புதுத் தாங்கி எழும்பும். அதன் வயிற்றுக்குள் குந்தியிருந்து தகட்டோடு தகடு ஒட்ட வேண்டும். மகள் ஷஸ்னா பிறந்ததும் தவழ்ந்ததும் பள்ளிக்கூடம் போனதும் அவருக்குக் கைப்பேசியில் நடந்த சங்கதிகள். லீவில் வந்து நின்றால் பிள்ளை தாயின் பின்னால் ஒளிந்துகொண்டு, "இவரு எப்ப உம்மா போற?" என்று கேட்கும்.

அதனால்தான், தன் ஊர் வாவிக்கரை ஆலையைப் பெருப்பிக்கப் போகிறார்கள் என்ற செய்தி காதில் விழுந்ததும், சம்பளம் எவ்வளவு என்றுகூடக் கேட்காமல் ஊருக்கு வந்தார்.

கொழும்பு முதலாளி ஒருவருடைய சின்ன ஆலை அது. பஸ்ஸும் லொறியும் தோணி எஞ்சினும் கழித்துவிடுகிற கறுத்த எண்ணெயைக் காய்ச்சி வடித்து, சூளைகளுக்கு எரிபொருளாக விற்பார்கள். இப்போது சரக்குக் கூடிவிட்டது. பெரிய தாங்கி ஒன்று, ஆலையைக் குளிரவைக்கத் தண்ணீர், தீப்பிடித்தால் அணைக்க ஒரு நீர்த் தடாகம், எல்லாமே ஒரே முறையில் வேண்டுமென்றார் முதலாளி. வெல்டிங் வேலைக்கு மர்சூக் மேற்பார்வையாளர். காலையில் சைக்கிளில் போவதும், பகலுக்கு வீட்டுக்கு வந்து சோறு தின்பதும், மகளைப் பள்ளியிலிருந்து ஏற்றி வருவதுமாக அவருக்கு ஒரு வாழ்க்கை கிடைத்தது. "நீங்க இஞ்ச இரிக்கிறது எனக்கு இன்னும் பழகல்ல" என்று சொல்லி மனைவி இன்ஷிரா சிரிப்பாள்.

நிலம்தான் உதவாத நிலம். கட்டுமானத்துக்குப் பொறுப்பானவர் கல்லடியைச் சேர்ந்த உதயரூபன் என்ற இளம் பொறியியலாளர். துளை போட்டு மண் எடுத்த அன்று அவர் மர்சூக்கை, அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிட்டுக் காட்டினார். மேலே ஆளுயரத்துக்கு மணல். அதன் கீழே, எடுக்க எடுக்கக் கருஞ்சேறு. விரலால் அமத்தினால் களிபோல வழிந்தது.

"நானா, இதுக்கு மேல தாங்கிய வெச்சா, நிறைஞ்ச உடன இறங்கும். கடுந்தரை வரைக்கும் தூண் இறக்கோணும். இல்லாட்டி மண்ணக் குவிச்சி வெச்சி, சேறு தண்ணியக் கக்கி இறுகுமட்டும் ஒரு வருசம் காத்திரிக்கோணும்."

"முதலாளி என்ன சொல்றாரு சேர்?"

"தூணும் வேணாமாம், காலமும் இல்லையாம். மேல்சேறக் கொஞ்சம் வெட்டி எடுத்துப்போட்டு, கல்லுப் போட்டு உருட்டினாக் காணுமாம்."

உதயரூபன் கொழும்புக்குப் போய் வாதாடிப் பார்த்தார். வேறு ஆளைப் பிடிப்பேன் என்று முதலாளி சொன்னதும் அடங்கிவிட்டார். அவருக்கும் வீட்டில் கைக்குழந்தை இருந்தது.

தண்ணீர் அதைவிடப் பெரிய தலையிடி. புதுத் தாங்கியை எண்ணெய் விடுமுன் தண்ணீரால் நிரப்பித்தான் சோதிக்க வேண்டும். உப்பேறிய வாவித் தண்ணீரோ கடல் தண்ணீரோ தகட்டை அரித்துவிடும். நல்ல தண்ணீர்தான் வேண்டும். அரசாங்கக் குழாயில் வருவது ஊருக்கே காணாது. குழாய்க்கிணறு தோண்டலாமென்றால், அந்தக் கரையில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் ஒரு மெல்லிய ஏடு போலத்தான் கிடக்கிறது. மெல்ல எடுத்தால் மழை அதை நிரப்பிவிடும். உறிஞ்சி எடுத்தால் கீழிருக்கும் உப்பு மேலேறிவிடும்.

தோண்ட ஊராரின் சம்மதம் வேண்டியிருந்தது. ஆலை மதிலுக்கு அப்பால் சாமித்தம்பியின் தோட்டம். கத்தரி, மிளகாய், பயிற்றை என்று ஒரே கிணற்றை நம்பிப் பிழைக்கிறவர். அதே ஒழுங்கையின் மறுகோடியில்தான் மர்சூக்கின் வீடு. அதற்காகக் கூடிய ஊர்க்கூட்டத்தில் சாமித்தம்பி எழும்பி, மேசையில் இருந்த பெரியவர்களை விட்டுவிட்டு மர்சூக்கைத்தான் கேட்டார்.

"தம்பி மர்சூக், இவங்க காட்டுற படம் எனக்கு விளங்காது. நீ அங்க வேல செய்றாய். நீயும் இந்தத் தண்ணியத்தான் குடிக்கிறாய். நீ சொல்லு, தோண்ட விடலாமா?"

"விடலாம் அண்ணன். ஆழமாப் போகமாட்டாங்க. பகல்ல கொஞ்சம் இறைப்பாங்க, மறுகா ஊற விடுவாங்க."

அவர் பொய் சொல்லவில்லை. திட்டம் அப்படித்தான் போட்டிருந்தது. ஊர் சம்மதித்தது.

தாங்கி எழும்பியது. தென்னைகளுக்கு மேலால் அதன் விளிம்பு தெரிந்த நாளில், மர்சூக் ஷஸ்னாவைக் கூட்டிவந்து மதிலுக்கு வெளியே நின்று காட்டினார். "இது வாப்பா செஞ்சதா?" என்று கேட்டாள். ஓம் என்றார். அரபு நாடுகளில் எத்தனையோ கட்டியிருக்கிறார். ஒன்றையும் யாருக்கும் காட்டியதில்லை.

பிறகு நிரப்பத் தொடங்கினார்கள். வேலை பிந்திப் போயிருந்தது. கொழும்பிலிருந்து ஓயாமல் அழைப்பு வந்தது. ஆழமாக இன்னும் கிணறுகள் இறங்கின. மோட்டர்கள் இரவு பகலாக ஓடின. "நிலத்துக்கு ஓய்வு குடுக்கோணும்" என்று மர்சூக் ஆலையை நடத்தும் முகாமையாளரிடம் சொன்னார். "நிறைஞ்சு முடியட்டும் நானா, பிறகு எவ்வளவு ஓய்வு வேணுமெண்டாலும் குடுப்பம்" என்றார் முகாமையாளர். மோட்டர்களை நிறுத்த மர்சூக்குக்கு அதிகாரம் இல்லை. கை இருந்தது, ஆனால் நிறுத்தினால் வேலை போய், மறுநாளே ஓமானுக்குப் போக வேண்டியதுதான். அவர் நிறுத்தவில்லை.

ஒரு காலை சாமித்தம்பி ஆலை வாசலுக்கு வந்தார். கையில் ஒரு செம்பு.

"குடி" என்றார்.

மர்சூக் ஒரு வாய் குடித்தார். துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

"மிளகாக் கண்டெல்லாம் நுனி கருகிற்று. நான் ஏதோ பூச்சியெண்டு மருந்தடிச்சுக் கிடந்தன்" என்றார் சாமித்தம்பி. குரலில் கோபமே இல்லை. வீட்டுக்குப் போன மர்சூக் தன் கிணற்றிலும் வாளி போட்டுப் பார்த்தார். அதிலும் உப்பு. சோறு வேறு ருசியாக இருக்கிறதென்று மகள் சில நாளாகவே சொல்லிக்கொண்டிருந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அந்தக் கிழமையே தாங்கி சாய்ந்தது. உதயரூபன் மட்டம் பார்க்கும் கருவியை வைத்துச் சுற்றிவரப் பார்த்தார். வாவிப் பக்கம் இறங்கியிருந்தது, மறுபக்கம் அப்படியே நின்றது. "இனி ஒரு வாளி தண்ணியும் விடப்படாது" என்று கத்தினார். முகாமையாளர் கொழும்போடு பேசிக்கொண்டே நிற்க, மோட்டர்கள் ஓடிக்கொண்டே இருந்தன. மர்சூக் ஓடிப்போய் ஒவ்வொன்றாக நிறுத்தினார். ஆனால் பிந்திவிட்டது. வெயிலேறிய நேரத்தில், அடித்தகடும் சுவரும் சேரும் மூலையில், மரம் முறிவதுபோல ஒரு சத்தம் கேட்டது. ஊரிலிருந்து உறிஞ்சிய தண்ணீரெல்லாம் ஒரே பாய்ச்சலாக வெளியே வந்தது. ஆட்கள் மதிலேறித் தப்பினார்கள். தாழ்வான பக்கம் அடுக்கியிருந்த பழைய எண்ணெய்ப் பீப்பாக்கள் மிதந்து புரண்டு வாய் திறந்தன. வாய்க்கால் வழியே அந்தக் கறுப்பு முழுவதும் வாவிக்குப் போனது.

அதன் பிறகு யாரும் மர்சூக்கைத் திட்டவில்லை. பேசவுமில்லை. வலையில் எண்ணெய் பிடித்துக் கரையில் குந்தியிருந்த மீனவர்கள், அவர் சைக்கிள் வரும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். விசாரணை வந்தது, குற்றம் உதயரூபனின் தலையில் விழுந்தது. அவர் வேலையிழந்து எங்கேயோ போய்விட்டார். ஆலை பூட்டப்பட்டது. சாய்ந்த தாங்கியை வெட்டி எடுக்க ஆளில்லை. ஒரு காவலாளி மட்டும் அதன் நிழலில் நித்திரை கொள்கிறான்.

மாரி மழை வந்தால் கிணறு திருந்துமென்று எல்லோரும் நம்பினார்கள். மாரி வந்தது, ஒழுங்கை வெள்ளமாகியது. மழை விட்ட பிறகு இன்ஷிரா ஒரு கோப்பை தண்ணீர் அள்ளிக் குடித்துப் பார்த்தாள். மிச்சத்தை முற்றத்தில் ஊற்றினாள்.

சாமித்தம்பி தோட்டத்தைக் கைவிட்டு, சித்தாண்டியில் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். மர்சூக் தேடிப் போனார். மகளின் வீட்டு வாசலில், செய்ய வேலையில்லாத கைகளை மடியில் வைத்துக்கொண்டு அவர் இருந்தார்.

"அண்ணன், நான் சொன்னதாலதான் நீங்க..."

"நீ என்னத்தச் செய்வாய் தம்பி. நீயும் கூலிக்காரன்தானே" என்றார் சாமித்தம்பி. பிறகு மகளைக் கூப்பிட்டுத் தேத்தண்ணி போடச் சொன்னார். இரண்டு வார்த்தை ஏசியிருந்தால் மர்சூக் எப்படியோ தாங்கியிருப்பார். தேத்தண்ணியைக் குடிக்க முடியாமல் குடித்துவிட்டு எழும்பினார்.

ஊரில் அவரை வேலைக்கு எடுக்க யாருமில்லை. ஏஜென்சிக்காரன் வயதைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். கடைசியில் சவூதியில், ஆலையொன்றில், தாங்கி கழுவுகிற வேலை கிடைத்தது. வெல்டிங் இல்லை, எண்ணெய் காலியான தாங்கிக்குள் இறங்கி அடிச்சேறு வாருகிற வேலை. இன்ஷிரா அழவில்லை. "இனி எப்ப?" என்று மட்டும் கேட்டாள்.

புறப்பட்ட காலையில் ஒழுங்கைக்குத் தண்ணீர் கொண்டுவரும் பவுசர் லொறி வந்து நின்றது. விட்டால் அடுத்த தரம் எப்போது வருமென்று சொல்ல முடியாது. இன்ஷிரா கேன்களைத் தூக்கிக்கொண்டு வரிசைக்குப் போனாள். ஷஸ்னா அவளுக்குப் பின்னால் குடத்தோடு. வரிசையில் இருந்தபடியே இருவரும் கையைக் காட்டினார்கள். மர்சூக் பையைத் தோளில் போட்டு, சந்தி வரைக்கும் தனியே நடந்தார்.