பாலில் கலந்த மாத்திரை

ரத்தம் எடுக்கும் அறையில் அவளுக்கு ‘வலிக்காத அக்கா’ என்று பெயர். பதினெட்டு வருடமாக ஊசி குத்துகிறாள். கை பஞ்சு, வாய்தான் கொஞ்சம் நீளம். பெரிய டாக்டரே அவளிடம் யோசித்துத்தான் பேசுவார்.

வார்டில் ஒரு பஸ் டிரைவருக்கு வயிற்றுப் புண். ஒருமுறை அறுத்துத் தைத்தும் திரும்ப வந்துவிட்டது. காஸ்ட்ரின் பார்த்துவிடலாம் என்றார் டாக்டர். வயிற்றில் அமிலத்தைச் சுரக்கச் சொல்லும் ஹார்மோன் அது. அளவு எகிறினால், கணையத்தின் பக்கம் கட்டி ஏதாவது ஒளிந்திருக்கலாம். வயிற்றைத் திறந்து தேட வேண்டும். இல்லையென்றால் புண்ணுக்கு மட்டும் சின்ன அறுவை போதும்.

அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை ஒரு வாரம் நிறுத்தி, வார்டில் வைத்திருந்தார்கள். எட்டாம் நாள் வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்தாள்.

“மாத்திரை எதுவும் போடலையேண்ணே?”

“தொடவே இல்ல தங்கச்சி.”

குழாயை ஐஸில் புதைத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனாள். மறுநாள் முடிவு வந்தது: நான்கு மடங்கு. வியாழக்கிழமை பெரிய அறுவை என்று நாள் குறித்தாயிற்று.

அவளுக்கு மனசு ஒப்பவில்லை. மாத்திரை இல்லாமல் ஒரு வாரம் கிடந்த மனிதன் சுருண்டல்லவா கிடக்க வேண்டும்? இவர் சாவகாசமாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தாரே! குழாயடியில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்த அவர் மனைவியைப் பிடித்தாள்.

“அண்ணி, மறைக்காம சொல்லுங்க. ஏதாவது குடுத்தீங்களா?”

அந்த அம்மாள் பொலபொலவென்று அழுதுவிட்டாள். “மூணாம் நாளு வலி தாங்காம சுவத்துல முட்டிக்கிட்டாரு. பாத்துட்டு இருக்க முடியல. வீட்டுல இருந்த பழைய மாத்திரையப் பொடிச்சு, தினமும் பால்ல கலந்து குடுத்தேன். அவருக்குத் தெரியாது.”

“அந்த மாத்திரையே இந்த ஹார்மோனை ஏத்தும் அண்ணி! இல்லாத கட்டியத் தேடி வயித்தத் திறந்திருப்பாங்களே!”

கத்திய பிறகுதான் உறைத்தது. நிறுத்தச் சொன்னார்களே தவிர, ஏன் என்று யார் சொன்னார்கள்? அவளும் சொல்லவில்லை. நேரே டாக்டரிடம் போனாள். அவர் விட்ட டோஸை வாய் திறக்காமல் வாங்கிக்கொண்டாள்.

அறுவை தள்ளிப்போயிற்று. மறுபடி ஒரு வாரம், இம்முறை டாக்டரின் கண்காணிப்பில். வலிக்கு வேறு மருந்து கொடுத்து, அதையும் முந்தின நாளே நிறுத்தி, ரத்தம் எடுத்தார்கள். அளவு சரியாக இருந்தது.

தாளைத் தானே எடுத்துக்கொண்டு வார்டுக்கு ஓடினாள். மனைவி வெந்நீர் வாங்கப் போயிருந்தாள்.

“பெரிய ஆபரேஷன் வேண்டாம்ணே!”

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு மெல்லச் சொன்னார்: “பால் கசந்துச்சு தங்கச்சி. முதல் நாளே தெரியும்.”

“அட பாவி மனுஷா! அன்னிக்கே சொல்ல வேண்டியதுதானே?”

“இப்படி ஆகும்னு எனக்கென்ன தெரியும்? மூணு நாளா அவ கண்ணு மூடல. எனக்கு வலி விட்டப்புறம்தான் இந்த பெஞ்சுல படுத்துத் தூங்கினா. காட்டிக் குடுக்க மனசு வரல.”

வாசலில் பிளாஸ்க்கோடு மனைவி வந்து நின்றாள். அக்கா தாளை அவள் கையில் திணித்தாள்.

“எல்லாம் நல்லபடியா இருக்கு. கட்டி இல்ல, சின்ன ஆபரேஷன்தான். அண்ணன்கிட்ட நான் இன்னும் சொல்லல. நீங்களே சொல்லுங்க.”

மனைவி அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் சொன்னாள். அப்போதுதான் கேட்பவரைப் போல அவர் கண்ணை அகல விரித்து, “நிஜமாவா?” என்றார்.