மஞ்சள் நாடா இல்லாத வெள்ளிக்கிழமை

எங்கள் கோர்ட்டில் கிரிமினல் கேஸ்களை வகை பிரிப்பவர் அக்கா. என் உடன்பிறப்பு இல்லை. ஜட்ஜைத் தவிர ஆபீஸில் எல்லோருக்கும் அவர் அக்காதான். குப்பை கொட்டியவர், விளக்கில்லாமல் வண்டி ஓட்டியவர் போன்ற அபராதக் கேஸ்களுக்கு வெள்ளை நாடா. சின்னக் கைகலப்பு மாதிரி, கேட்டால் ஜாமீன் கொடுத்தே ஆக வேண்டியவற்றுக்கு மஞ்சள். கொலை, கொள்ளை என்று ஜட்ஜ் யோசித்துத்தான் ஜாமீன் தர வேண்டியவற்றுக்குச் சிவப்பு. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு கட்டுகூட மாறியதில்லை என்று அக்காவுக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. இருக்கட்டுமே, சும்மாவா வந்தது?

நாடா வாங்கி வைப்பது டைப்பிஸ்டான என் வேலை. அந்த வெள்ளிக்கிழமை மஞ்சள் தீர்ந்திருந்தது. மறந்து தொலைத்துவிட்டேன். அக்கா என்னை நாலு வார்த்தை திட்டிவிட்டு, அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு கட்டைச் சிவப்பில் கட்டினார். மாற்றுவதற்குள் அது ஜட்ஜ் அறைக்குப் போய்விட்டது.

நாலரை மணிக்கு ஒரு பெண் அழுதபடி வந்தார். கணவர் குழாய் ரிப்பேர் செய்பவர். வாய்ச்சண்டையில் பக்கத்து வீட்டுக்காரரைப் பிடித்துத் தள்ளியிருக்கிறார்.

“திங்கக்கிழமதான் விசாரிப்பாங்களாம்க்கா. அதுவரைக்கும் ஜெயிலாம். ஒரு எறும்பக்கூட மிதிக்க மாட்டாருக்கா.”

அக்காவுக்குப் புரிந்துவிட்டது. சிவப்பில் கட்டிய அந்தக் கட்டுதான். வெள்ளிக்கிழமை மாலை சிவப்பு நாடாவைக் கண்டால் யாரும் பிரித்தே பார்ப்பதில்லை. நேரே திங்கட்கிழமை அடுக்குக்குப் போய்விடும். ஐந்து மணிக்கு ஜட்ஜ் கிளம்பிவிடுவார்.

“சத்தமில்லாம நாடாவ மாத்திடலாம்க்கா,” என்றேன்.

“கட்டு அவர் மேஜைல இருக்கு. மந்திரம் போட்டா மாத்துவ?”

முட்டிவலியோடு அக்கா இரண்டு மாடி ஏறினார். ஜட்ஜ் முன்னால் மூச்சு வாங்க நின்று, “தப்பு என்னுதுங்கய்யா. இது மஞ்சள் கேஸ்,” என்றார். ஜட்ஜ் கட்டைப் பிரித்துப் படித்தார். ஐந்தே நிமிடத்தில் ஜாமீன். கூடவே அக்காவுக்கு ஒரு மெமோ.

குழாய்க்காரர் வெளியே வந்ததும் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டார். “இனிமே யார் மேலயாவது கை வைப்பீங்களா?”

“உள்ளயே இருந்திருக்கலாம் போல,” என்றார் அவர். அக்காவே சிரித்துவிட்டார்.

மெமோவை டைப் அடிக்க என்னிடம்தான் வந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. “நாடா வாங்காதது நான்தானேக்கா. என் பேரையும் போடச் சொல்றேன்.”

“ஒரு தப்புக்கு எதுக்கு ரெண்டு மெமோ? பேசாம அடி,” என்றார் அக்கா.