தொட்டியில் மக்கிய பை

என் அக்காவுக்கு வேலை, மற்றவர்கள் அடிக்கும் தம்பட்டத்தை அளந்து பார்ப்பது. "எங்கள் பொருள் பூமிக்கு நல்லது" என்று விளம்பரம் செய்கிற நிறுவனங்கள் சொன்னபடி நடக்கின்றனவா என்று பார்த்து மதிப்பெண் போடுகிற ஒரு சிறிய அலுவலகத்தில் இருக்கிறாள். எனக்கு வேலை, அந்தத் தம்பட்டத்தை அச்சடித்துக் கொடுப்பது. பை, அட்டைப்பெட்டி, லேபிள் எல்லாம் என் அச்சகத்தில் ஓடும். இன்றைக்கு எவன் வந்தாலும் முதலில் கேட்பது ஒரு பச்சை இலை. எலி மருந்து டப்பாவுக்குக்கூட இலை போட்டுக் கொடுத்திருக்கிறேன், சத்தியமாக. ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பேருக்கு இப்படி எதிரும் புதிருமாக வேலை அமைந்ததை நினைத்து எங்கள் வீட்டில் சிரிக்காதவர்கள் இல்லை.

அலுவலகத்தில் அவளுக்கு 'கஞ்ச மேடம்' என்று பெயர். மதிப்பெண் விஷயத்தில்தான் அந்தக் கஞ்சத்தனம். ஒரு தொழிற்சாலையைப் பார்க்கப் போனால் முன்வாசல் வழியாகப் போகமாட்டாள். அங்கே குளிர்பானம் கொடுத்து, சுவரில் மாட்டியிருக்கிற காட்டுப் படத்தைக் காட்டி, பேசிப் பேசியே காதைப் புண்ணாக்கி அனுப்புவார்கள் என்று அவளுக்குத் தெரியும். நேரே பின்பக்கம் போய், குப்பை வண்டி நிற்கிற இடத்தில் நின்றுகொள்வாள். அப்புறம் கடைக்குப் போய் அந்தப் பொருளை எல்லோரையும் போலக் காசு கொடுத்து வாங்கி, வீட்டில் வைத்துப் புழங்குவாள்.

துணி சோப்பு செய்கிற பெரிய நிறுவனம் ஒன்று, "புதிய பசுமைப் புட்டி" என்று ஊரெல்லாம் விளம்பரம் வைத்தது. அக்கா பழைய புட்டியையும் புதிய புட்டியையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். மூடியின் நிறம் மட்டும்தான் மாறியிருந்தது. ஒரு விடுதி, "பூமியைக் காக்க உங்கள் துண்டை மறுபடி பயன்படுத்துங்கள்" என்று அறையில் அட்டை வைத்திருந்தது. அக்கா ஒழுங்காகக் கொடியில் மாட்டிவிட்டுப் போனாள். திரும்பி வந்தால் புதுத் துண்டு, பக்கத்தில் அதே அட்டை. இரண்டு பேருக்கும் அவள் போட்ட மதிப்பெண்ணை நான் இங்கே சொல்லாமல் இருப்பதுதான் மரியாதை.

"ஏன்க்கா, எவனுக்காவது வாழ்க்கையில ஒரு தடவை முழு மார்க் போட்டிருக்கியா?" என்று நான் சீண்டுவேன்.

"எவனாவது சொன்னதை முழுசா செஞ்சிருக்கானா?"

"நீ போடுற மார்க்கைப் பாத்தா நான் போடுற இலையெல்லாம் வாடிடும் போல இருக்கு."

"உன் இலைக்குத் தண்ணி ஊத்துறது என் வேலை இல்லடா, போ."

இப்படிப் பேசுகிறாளே என்று அவளைக் கல்நெஞ்சுக்காரி என்று நினைத்துவிட வேண்டாம். ஒவ்வொரு புதுப் பொருளையும் வீட்டுக்குக் கொண்டுவந்து பிரிக்கும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். பரிசுப் பொட்டலம் பிரிக்கிற சின்னப் பிள்ளை தோற்றுவிடும். "இதாவது நிஜமா இருக்கணும்டா" என்பாள். ஒரு மணி நேரம் கழித்து முகம் தொங்கிப்போயிருக்கும். எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருக்கும், ஏமாற்றுகிறவர்கள் மேல் கோபம் கோபமாக வரும். அதே ஏமாற்றுக்காரர்களுக்கு நான்தான் லேபிள் அடித்துக் கொடுக்கிறேன் என்பது வேறு விஷயம்.

அப்போதுதான் பைக்காரர் வந்தார். பல வருஷமாகச் சாதாரண பிளாஸ்டிக் பை செய்துகொண்டிருந்த மனிதர், எல்லாவற்றையும் தலைமுழுகிவிட்டு, தாவர மாவிலிருந்து ஒரு பை செய்ய ஆரம்பித்திருந்தார். "வீட்டுத் தொட்டியில் புதைத்தால் போதும், மண்ணோடு மண்ணாகும்" என்பது அவர் விளம்பரம். மதிப்பெண் வேண்டும் என்று அக்காவின் அலுவலகத்துக்கு விண்ணப்பித்தார். அக்கா பின்பக்கம் போய் நின்று பார்த்தாள், குறை சொல்ல ஒன்றும் இல்லை. பெட்டியில் எழுதியிருந்த மாவில்தான் பை செய்தார்கள். மிச்சம் இருந்தது அந்தத் தொட்டி விஷயம் மட்டும்தான்.

வழக்கமாக அதைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே இயந்திரத்துக்குள் சூடு வைத்து மக்க வைப்பார்கள். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. வீட்டில் மக்கும் என்று சொன்னால் வீட்டில்தான் வைத்துப் பார்க்க வேண்டும் என்றாள். தன் வீட்டு பால்கனியில் இரண்டு தொட்டிகளில் மண் நிரப்பி, ஒன்றில் பைக்காரரின் பையையும் மற்றதில் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு சாதாரணப் பையையும் புதைத்தாள். அடையாளத்துக்குத் தொட்டிக்கொரு குச்சி. வீட்டில் இருக்கிறவர்களுக்கு ஒரே உத்தரவு: குச்சி நட்ட தொட்டியை யாரும் தொடக்கூடாது. உள்ளே என்ன புதைத்தாள் என்று விளக்கவில்லை.

அந்த வீட்டில் இருப்பது அக்காவும் அத்தானும்தான். அத்தான் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். சுத்தம் என்றால் அப்படி ஒரு சுத்தம். வாளியைக் கழுவினால் அதன் அடிப்பக்கத்தையும் துடைத்து வைக்கிற ஆள். அவர் வீட்டுக்குப் போனால் நான் உட்காரவே யோசிப்பேன். மற்றபடி தங்கமான மனுஷன், அக்காவின் சொல்லுக்கு மறு சொல் பேசமாட்டார்.

பைக்காரர் சொன்ன கெடு முடிந்ததும் அக்கா இரண்டு தொட்டி மண்ணையும் தனித்தனியாகச் சல்லடையில் கொட்டிச் சலித்தாள். சாதாரணப் பை புதைத்த மாதிரியே வந்தது. மற்றதில் ஒரு துணுக்குகூட இல்லை. மறுபடி சலித்தாள், கையால் பிசைந்து பார்த்தாள். கறுப்பு மண், அவ்வளவுதான். உடனே எனக்குப் போன் செய்தாள்.

"போயிடுச்சுடா! சுத்தமா போயிடுச்சு!"

அவள் குரல் அப்படித் துள்ளி நான் கேட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது. தன் வேலையில் முதல் முறையாக முழு மதிப்பெண் போட்டாள். அலுவலகமே வாயைப் பிளந்தது. 'கஞ்ச மேடம்' முழு மார்க் போட்டாளாம் என்று செய்தி பரவ, பைக்காரரிடம் கடைக்காரர்கள் பை கேட்டு வர ஆரம்பித்தார்கள். அந்த மதிப்பெண்ணையும் தொட்டி வாசகத்தையும் பையிலேயே அச்சடிக்க அவர் என்னிடம் வந்தார். என் அச்சகம் பார்த்ததிலேயே பெரிய வேலை அது. நான் மிதந்துகொண்டிருந்தேன்.

அந்தச் சந்தோஷத்தில் அக்கா வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். பால்கனிப் பக்கம் ஏதோ விழுந்த சத்தம். எட்டிப் பார்த்தால், மேல் வீட்டிலிருந்து ஒரு காலி டப்பா.

"என்ன ஜனங்க இது? கீழ மனுஷங்க இருக்காங்களா இல்லையா?" என்று நான் கத்தினேன்.

"அதை ஏன் கேக்குற," என்றார் அத்தான், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல். "ஒரு நாள் மழைக்கப்புறம் பாத்தா தொட்டிக்குள்ளயே ஒரு பை. பாதி மண்ணுல, பாதி வெளியில. மேல இருந்துதான் போட்டிருக்கணும். இழுத்துக் குப்பையில போட்டேன். குச்சி வேற சாஞ்சு கிடந்துச்சு. மண்ணை நிரவி, குச்சியை நேரா நட்டு வெச்சேன்."

அக்கா தட்டைத் தள்ளி வைத்தாள்.

"எந்தத் தொட்டி?" என்றாள்.

அத்தானுக்கு அப்போதுதான் உறைத்தது. பேயறைந்த மாதிரி ஆகிவிட்டார். "ஐயையோ," என்றார்.

நான்தான் பேசினேன். "அக்கா, இது நாலு சுவத்துக்குள்ள இருக்கட்டும். அத்தான் வேணும்னு பண்ணல, நீயும் பண்ணல. பை நல்ல பைதான, மக்கினாலும் மக்கியிருக்கும். பேசாம சாப்பிடு."

"மக்கியிருக்கும்னு நினைச்சு மார்க் போடுறதுக்கா எனக்குச் சம்பளம் குடுக்கிறாங்க?"

"ஊர்ல எவ்வளவு பெரிய திருடனெல்லாம் இலையை ஒட்டிக்கிட்டுத் திரியறான். நீ இந்த அப்பாவி மனுஷன் வயித்துல அடிக்கப் போறியா? என் மெஷின்ல அச்சுத் தகடு ஏறிடுச்சுக்கா!"

"கத்தாதே," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அத்தானின் தட்டில் கொஞ்சம் சாப்பாடு வைத்துவிட்டு எழுந்து போனாள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் அவள் முதலில் போனது பைக்காரரிடம். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாளாம். அந்த மனிதர் கோபப்படவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. "சரி, போயிட்டு வாங்க" என்று மட்டும் சொல்லி எழுந்துகொண்டாராம். அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும் என்று அக்கா பிற்பாடு சொன்னாள்.

அடுத்து அலுவலகத் தலைவர். அவர் கெட்டவர் இல்லை, பயந்த சுபாவம். மதிப்பெண்ணை எடுத்துவிட்டு 'மறு ஆய்வில் உள்ளது' என்று ஒரு வரி போட்டுவிடலாம் என்றார். யாருக்கும் உறுத்தாது, கொஞ்ச நாளில் எல்லோரும் மறந்துவிடுவார்கள் என்றார்.

"இதைத்தான சார் அந்த சோப்பு கம்பெனி பண்ணுச்சு? மூடியை மட்டும் மாத்துச்சு?" என்று கேட்டாளாம் அக்கா.

"நம்ம பேர் கெட்டுப் போயிடும்மா. நாளைக்கு எவன் நம்மகிட்ட மார்க் வாங்க வருவான்?"

"கெட்டா கெடட்டும் சார். சொல்றது ஒண்ணு செய்றது ஒண்ணுன்னு ஊரையெல்லாம் குத்தம் சொல்லிட்டு, நாம பூசி மெழுகினா அப்புறம் நான் எந்த முகத்தோட போய் அவங்க பின்வாசல்ல நிப்பேன்?"

தலைவர் தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனாலும் தடுக்கவில்லை. அலுவலகத்தின் இணையப் பக்கத்தில், எல்லாவற்றுக்கும் மேலே, பெரிய எழுத்தில் அக்கா எழுதியதைப் போட்டார்கள். "இந்தப் பைக்கு நாங்கள் போட்ட மதிப்பெண் தவறு. நிறுவனம் எங்களை ஏமாற்றவில்லை. பை மக்கியதை நாங்கள் பார்க்கவில்லை. மதிப்பிட்டவரின் வீட்டில் அது தொட்டியிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. தவறு முழுவதும் எங்களுடையது." கீழே அவள் பெயர்.

ஊரே சிரிப்பாய்ச் சிரித்தது. சோப்பு நிறுவனத்துக்காரர்கள் அதைப் படம் பிடித்துப் போகிற வருகிறவர்களுக்கெல்லாம் அனுப்பினார்கள். அத்தான் வேலைக்குப் போன இடத்தில் எவனோ, "லிஃப்ட்டுக்குள்ள ஏதாவது பை கிடந்தா எடுத்துடாதீங்க" என்று கிண்டலடித்தானாம். அக்காவை மதிப்பெண் போடும் வேலையிலிருந்து எடுத்து, வருகிற தொலைபேசிக்குப் பதில் சொல்கிற இடத்தில் உட்கார வைத்தார்கள். அவள் முணுமுணுக்கவில்லை. நேரத்துக்குப் போனாள், நேரத்துக்கு வந்தாள். இனி தன் மதிப்பெண்ணை யாரும் நம்பமாட்டார்கள் என்பது ஒன்றுதான் அவளை அரித்தது. "நான் போட்டதுல எது சரி எது தப்புன்னு இனிமே எல்லாருக்கும் சந்தேகம் வரும்ல?" என்று என்னிடமே கேட்டாள். அதற்குள் என் கோபம் தணிந்திருந்தது.

பைக்காரரின் தகடு என் அச்சகத்தில் ஒரு மூலையில் தூசி படிந்து கிடந்தது. மனிதர் காலி என்றே நினைத்தேன்.

ஒரு நாள் மதியம் அவரே வந்து நின்றார். கொஞ்சம் இளைத்திருந்தார். வேலையை வேறு அச்சகத்துக்குக் கொடுக்கத் தகட்டை வாங்கிப் போக வந்திருக்கிறார் என்று நினைத்து நானே எடுத்துத் துடைக்க ஆரம்பித்தேன்.

"அது வேணாம். வேற வாசகம் போடணும்," என்றார். "உங்க அக்கா வந்து போனதும், என் வீட்லயும் எங்க ஆளுங்க வீடுங்கள்லயும் தொட்டியில புதைச்சுப் பாத்தேன். சொன்னா வெக்கம், அதுவரைக்கும் நான் ஒரு தொட்டியில கூட வெச்சுப் பாக்கல. எனக்கு மாவு விக்கிறவன் சொன்னதை அப்படியே அடிச்சுட்டேன். எங்கயும் முழுசா மக்கல. நகராட்சி உரக்குழியில போட்டா மட்டும் மக்குது."

ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொண்டுவந்திருந்ததை நீட்டினார். "வீட்டுத் தொட்டியில் மக்காது. பெரிய உரக்குழியில் மட்டுமே மக்கும்."

வாடிக்கையாளருக்கு நல்லது செய்வதாக நினைத்து, தொழில் புத்தியில் நான் சொன்னேன்: "அடியில ஓரமா பொடி எழுத்துல போட்டுடலாமா? எல்லாரும் அப்படித்தான் போடுவாங்க."

அவர் அந்தத் தாளை என் மேஜைமேல் விரித்து வைத்தார்.

"உங்க அக்கா அவங்க தப்பை எந்த எழுத்துல போட்டாங்க?"

அவர் போனதும் அக்காவின் அலுவலகத்துக்குப் போன் போட்டேன். அவள்தான் எடுத்து, எல்லோருக்கும் சொல்கிற மாதிரி வணக்கம் சொன்னாள். நான் அப்படியே ஒப்பித்தேன், அவர் கேட்ட கேள்வி வரைக்கும். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. இத்தனை நாளில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள் அழுதுகொண்டிருந்தாள்.

"பெருசா போடும்போது மை பரவும்டா," என்றாள் கடைசியில். "பாத்து நிதானமா அடி."